மாத முடிவில் ஒரு கல்யாணம்

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, இப்போதாவது தூங்கி எழுந்து மனுஷியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. விளையாட்டு டீச்சர் வேலையில் முதலில் போவது தொண்டைதான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம். "யாருடி அது, யாருடி அது" என்று மூன்று மாதமாகத் துளைத்தாயே, அவர்தான். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பதிவாளர் முன்னால் கையெழுத்து, அப்புறம் சாப்பாடு, அவ்வளவுதான். நவம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

தேதியைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொன்றாம் தேதி உன் தொழிற்சாலைக் கணக்குக்கு மாத முடிவு. அதற்கப்புறம் ஐந்து நாள் நீ யாருக்கும் அக்கா இல்லை, யாருக்கும் மகள் இல்லை. ஆனால் மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது. நீ வரவேண்டும். சாட்சிக் கையெழுத்து நீதான் போடவேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று. இனிமேல் போனில் உன்னோடு பேசமாட்டேன். போன தடவை நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், நீ "ஒரு நிமிஷம்டி" என்று வைத்துவிட்டு ஸ்டோர்ஸ்காரரிடம் செம்புக் கம்பியைப் பற்றிப் பேசப் போனாய். முழுவதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது, கோபமும் வராது.

உனக்கு எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவர் இல்லையா, பதில் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

உன் வாலு

---

ஜூன் 15

வாலுப்பெண்ணே,

எனக்கு ஒரு குறையும் இல்லை, கண்தான் கொஞ்சம் எரிகிறது. உன் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, மைதானத்தில் விசில் எதற்கு இருக்கிறது?

கடிதத்தைத் தொழிற்சாலை வாசலில் நின்றே படித்தேன். தலைகால் புரியவில்லை. செக்யூரிட்டிக்காரர், "என்ன மேடம், சம்பளம் ஏறிடுச்சா?" என்றார். "தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றேன். அந்த மனிதர் எழுந்து நின்று கைகொடுத்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு என் அன்பைச் சொல். உன் குரலைக் கேட்ட பிறகும் சம்மதித்திருக்கிறார் என்றால் நல்ல மனசுதான்.

ஏன் ஐந்து நாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, திட்டத்தான் திட்டியிருக்கிறாய். இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மாதக் கடைசி நாள் சாயங்காலம் செம்புக் கம்பி லாரியில் வந்து இறங்குகிறது. ஸ்டோர்ஸ்காரர் அதை மறுநாள் காலைதான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அதற்குள் அந்தக் கம்பியை எடுத்துச் சுற்றி மின்விசிறிகளே செய்து முடித்துவிடுகிறார்கள். கணக்கில் பார்த்தால் அத்தனை விசிறியும் செம்பே இல்லாமல் சுற்றுகின்றன. இந்த மாதம் விசிறி கொள்ளை மலிவு, அடுத்த மாதம் யானை விலை. முதலாளி மோட்டார் பிரிவுக்காரர்களைக் கூப்பிட்டு வறுத்தெடுப்பார். பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்திருக்கமாட்டார்கள்.

அதனால் ஒரு கோடு போடவேண்டும். இந்த நேரம் வரை நடந்தது இந்த மாதம், அதன் பிறகு நடந்தது அடுத்த மாதம். கட்-ஆஃப் என்பார்கள். கோடு போடுவது சுலபம். அதை யாரும் அழிக்காமல் காவல் இருப்பதுதான் என் பிழைப்பு. மூடிய மாதத்தைத் திறக்கச் சொல்லி உற்பத்தி மேலாளர் வந்து நிற்பார். "ஒரே ஒரு என்ட்ரி மேடம், போட்டுட்டு உடனே மூடிடலாம்" என்பார். அவருக்காகத் திறந்தால் பின்னாலேயே ஊரே உள்ளே வரும். அப்புறம் சரக்கு எண்ணிக்கையை முதலிலிருந்து பார்க்கவேண்டும். இப்படித்தான் ஐந்து நாள் போகிறது.

ஆனால் கேள். புது சாஃப்ட்வேர் வருகிறது. அதில் லாரி வரும் கேட்டுக்கு ஒரு பூட்டு, ஸ்டோர்ஸுக்கு ஒரு பூட்டு, உற்பத்திக்கு ஒரு பூட்டு. தனித்தனி நேரத்தில் தனித்தனியாகப் பூட்டலாம். எது பாக்கி நிற்கிறது என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். செய்துகாட்டினார்கள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் வருவேன். அப்பா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாரா, பின்னாலா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அக்கா

---

ஜூலை 4

அக்கா,

தொண்டை திறந்துவிட்டது, உப்புத்தண்ணீருக்கு நன்றி. அப்பா மாத்திரையைப் பின்னால்தான் போடுகிறார். நீ கேட்டதாகச் சொல்லவில்லை. "யாரோ கேட்டாங்க" என்றேன். "யாரோவுக்கு என்ன அக்கறை" என்றார். ஆனால் அன்றைக்கு இன்னொரு வாய் சாப்பிட்டார்.

உன் செம்பில்லாத விசிறியைக் கண்ணாடிக்கடைக்காரருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அக்கா கணக்கு எழுதறாங்களா, கதை எழுதறாங்களா?" என்றார். அவருக்கு உன்னைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

அக்கா, ஒளித்துவைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது, "வீட்டில் பெரியவங்க யாரும்மா இருக்காங்க? கையெழுத்துப் போடணும்" என்று நர்ஸ் கேட்டார். நான்தான் போட்டேன். பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. நீ ஆறாம் நாள் பழப்பையோடு வந்தாய். அப்பா உன்னைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்தே? இனிமே சிரமப்படாதே" என்றார். அதற்கப்புறம் நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர் சொன்ன சொல்லுக்காக வரவில்லையா, மாத முடிவுக்காகவா என்று எனக்குப் புரியவே இல்லை. மாதத்தில் இருபத்தைந்து நாள் உனக்கு முடிவு இல்லையே.

பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு வந்தால் போதும்.

வாலு

---

ஜூலை 28

அன்பு வாலு,

எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, கவலைப்படாதே. பதில் தாமதமானதற்கு அதையே காரணமாக வைத்துக்கொள்.

புது சாஃப்ட்வேர் வந்துவிட்டது. ஒரே கலகலப்பு. அதைவிடப் பெரிய கூத்து நான் வைத்த மணி. ஆமாம், பள்ளிக்கூடத்தில் அடிப்பதுபோல் பெரிய மணி. மாதக் கடைசி நாளில் மணி அடித்தால் எண்ணிக்கை முடியும்வரை தொழிற்சாலைக்குள் எதுவும் நகரக்கூடாது. ஒரு திருகாணிகூட ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குப் போகக்கூடாது. ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை அடித்தபோது தீப்பிடித்துவிட்டது என்று பாதிப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள்.

எனக்கு உதவிக் கணக்காளர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் எல்லாரும் மௌனசாமி என்று கூப்பிடுகிறார்கள். அவர்கூட அன்று சிரித்தார்.

உன் விஷயமாக ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. முதலாளியிடம் பேசவேண்டும். நடந்துவிட்டால் நீ ஆடிப்போவாய். இப்போதைக்குச் சொல்லமாட்டேன்.

அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

---

ஆகஸ்ட் 21

என் அருமை அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம், நான் மட்டும் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்காமல் இருக்கிறேன். நீ என்னமோ ரகசியம் வைத்திருக்கிறாயாமே, என் ரகசியத்தை முதலில் கேள்.

கல்யாணத் தேதியை மாற்றிவிட்டேன்.

அக்டோபர் இருபத்தைந்து, ஞாயிறு. அதே பத்து மணி. உன் முப்பத்தொன்றாம் தேதிக்கு முழுசாக ஆறு நாள் முன்னால். யாரோ மண்டபத்தை ரத்து செய்தார்கள் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கண்ணாடிக்கடைக்காரரின் மாமா ஒருவர் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பார். "பொண்ணுக்கு இஷ்டமில்லையா, தேதியைத் தள்ளறாளே" என்றார். "தள்ளலைங்க, இழுக்கறேன்" என்றேன். அழைப்பிதழ் புதிதாக அச்சாகி வந்துவிட்டது. ஒன்று இதோடு இருக்கிறது. இனிமேல் கடவுளே வந்தாலும் மாற்றமுடியாது.

இப்போது சொல், எந்தச் சாக்கும் பாக்கியில்லையே?

வாலு

---

ஆகஸ்ட் 21

அடியே வாலு,

எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம், வேறு நோய் ஒன்றும் இல்லை. நீயும் அப்பாவும் நலமாக இருங்கள், இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். இனி எங்களுக்கு மாதம் என்பது காலண்டர் மாதம் இல்லை. நான்கு வாரம் ஒரு கணக்கு, அடுத்த நான்கு வாரம் ஒரு கணக்கு, அப்புறம் ஐந்து வாரம் ஒரு கணக்கு. எப்போதும் சனிக்கிழமைதான் மூடுவோம். ஒரு மாதம் திங்களில் முடியும், இன்னொன்று வியாழனில் முடியும் என்ற தொல்லை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம், சனிக்கிழமை மெஷினும் பாதிதான் ஓடும். இப்படி அடுக்கடுக்காக நான் எடுத்துச்சொன்னதைக் கேட்டு முதலாளி, "இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?" என்றார். தங்கச்சி கல்யாணம் வரவில்லை, அதனால் சொல்லவில்லை என்றா பதில் சொல்வது?

மூன்று கொட்டகையிலும் நாள்காட்டி ஒட்டியாகிவிட்டது. சாஃப்ட்வேரில் வருஷம் முழுவதுக்கும் ஏற்றி, முதலாளி கையெழுத்துப் போட்டுப் பூட்டியாகிவிட்டது. அக்டோபர் கணக்கு இருபத்துநான்காம் தேதியே முடிந்துவிடும். நவம்பர் முதல் தேதி நான் காற்றுமாதிரி வந்து இறங்குவேன். இரண்டு நாள் முன்னதாகவே வந்து உனக்குத் தலைவாரிவிடுவேன்.

வெற்றி வெற்றி.

அக்கா

---

ஆகஸ்ட் 27

வாலு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. என் நலத்தைப் பற்றியும் கேட்காதே.

உன் அழைப்பிதழ் வந்தது. பார்த்தேன். சுவரில் ஒட்டியிருக்கும் நாள்காட்டியைப் பார்த்தேன். மறுபடியும் அழைப்பிதழைப் பார்த்தேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மௌனசாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது.

இந்நேரம் என் கடிதம் உன் கையில் இருக்கும். இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிளம்பி வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. முதலாளியிடம் போனேன். "நீங்க கேட்டுத்தானேம்மா மாத்தினேன்" என்றார்.

சனிக்கிழமை மாலை இங்கே மூடவேண்டும். ஞாயிறு காலை அங்கே இருக்கவேண்டும். நடுவில் ஒரு ராத்திரி, ஒரு பஸ் பயணம். ஐந்து நாள் வேலையை அரைநாளில் முடித்தாகவேண்டும். முடிப்பேன். முடித்தே தீருவேன்.

அக்கா

---

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். "உங்க ரெண்டு பேருக்கும் மூளை ஒரே மாதிரி வேலை செய்யுது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அவ்வளவு பெரிய தொழிற்சாலையில் அந்த மாதத்தை மூட உன்னைத் தவிர யாருக்குமே தெரியாதா?

வாலு

---

செப்டம்பர் 29

அன்பு வாலு,

நான் நலம். உன்னிடமிருந்து நான்கு வாரமாக ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லையே? ஒரு கார்டாவது போடு.

இங்கே ஒரு அதிசயம். செப்டம்பர் கணக்கைச் சனிக்கிழமை மூட ஆரம்பித்தோம், ஞாயிறு மத்தியானம் முடிந்துவிட்டது. ஐந்து நாள் எங்கே, ஒரு நாள் எங்கே. நான் கண்டுபிடித்தது இதுதான்: வேலை ஒருநாளும் ஐந்து நாள் இருந்ததில்லை. காத்திருந்ததுதான் ஐந்து நாள். இப்போது எல்லாரிடமும் சீட்டை வாங்கிவர முன்னதாகவே ஆள் அனுப்பிவிடுகிறேன். லாரிக்காரர்களிடம், மத்தியானத்துக்கு மேல் வந்தால் வெளியே நிற்கவேண்டியதுதான் என்று சொல்லியாகிவிட்டது. உற்பத்தி மேலாளர் வழக்கம்போல் வந்து தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு என்ட்ரி" என்றார். "அடுத்த மாசம் ராஜாவாட்டம் போடுங்க" என்றேன். சொன்னால் நம்பமாட்டாய், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்னும் அரைநாளைக் குறைக்கவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

உன் புதுப் புடவை என்ன நிறம்? எழுதவே மாட்டாயா?

அக்கா

---

அக்டோபர் 13

அக்காவுக்கு,

அப்பா நலம். நானும் நலம். புடவை பச்சை.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதவேண்டாம். சாட்சிக் கையெழுத்துக்குக் கண்ணாடிக்கடைக்காரரின் மாமா தயாராக இருக்கிறார், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. வரமுடிந்தால் வா. உனக்குச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

நேற்று அப்பா, "அங்கேருந்து ராத்திரி எத்தனை பஸ் இருக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். டிப்போவுக்கு அவரே நடந்து போனார். முழங்கால் வலியோடு.

வாலு

---

அக்டோபர் 29

என் தங்கமே, புதுப்பெண்ணே,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும், இன்னும் பத்துப் பேருக்குக் கேட்கிறமாதிரி சிரிக்கவேண்டும். அன்று கூட்டத்தில் உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் இப்போது கொட்டுகிறேன்.

சனிக்கிழமை எல்லாம் வெண்ணெயாக ஓடியது. மத்தியானம் கேட்டைப் பூட்டினோம். அடுத்து ஸ்டோர்ஸ். மணி அடித்தது, உற்பத்தியும் நின்றது. எண்ணி முடித்தார்கள். திரையைப் பார்க்கிறேன், ஒரே ஒரு வரி பாக்கி. மோட்டார் கொட்டகை நாற்பது மோட்டாரை அனுப்பிவிட்டேன் என்கிறது. பொருத்தும் கொட்டகை எனக்கு வரவில்லை என்கிறது. அந்த வரி இருக்கும்வரை சாஃப்ட்வேர் மாதத்தை மூடவிடாது.

ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினேன். இரண்டு கொட்டகைக்காரர்களையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டேன். பஸ் நேரம் நெருங்கியது. அப்போதுதான் மௌனசாமி வாயைத் திறந்தார். "நீங்க கிளம்புங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

வாலு, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்திருந்தது. அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம். நான் விட்டுவிட்டால் எல்லாம் பிசகிவிடும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். அப்பா சொன்ன பிறகு, வீட்டுக்கு வரப் பயந்துபோய் மாத முடிவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சாவிக்கொத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டகைகளுக்கு நடுவே முற்றத்தைக் குறுக்காகத் தாண்டும்போது பார்க்கிறேன், பட்டப்பகல்போல் விளக்கு எரிகிறது, நட்டநடுவில் ஒரு தள்ளுவண்டி. அதன் மேல் நாற்பது மோட்டார். பக்கத்தில் வண்டிக்காரர் குந்தி உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

"இங்கே என்ன செய்யறீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, மணி அடிச்சா எதுவும் அசையக்கூடாதுன்னு. இங்கே வரும்போது அடிச்சுது. நின்னுட்டேன்."

அவரைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? என் ஜன்னலுக்கு நேர் எதிரே அத்தனை நேரம் நின்றிருக்கிறது. நான் அறையைவிட்டு வெளியே வந்ததால்தான் கண்ணில் பட்டது. மௌனசாமிக்கு அந்த வண்டியைக் கைகாட்டிவிட்டு ஓடினேன். ஆனால் சீட்டுப் புரட்டிய நேரம் புரட்டியதுதான். பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன், அது வழியில் எல்லா ஊரிலும் நின்றது.

மண்டபத்துக்குள் நுழையும்போது பதினொன்று தாண்டிவிட்டது. எல்லாம் முடிந்திருக்கும், மீண்டும் பழப்பையோடு வந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் நீ பச்சைப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாய், மாப்பிள்ளை கொட்டாவி விடுகிறார், பதிவாளர் காகிதத்தால் விசிறிக்கொள்கிறார். "பதிவாளர் இப்பத்தான் வந்தாரு" என்று யாரோ சொன்னார்கள். என் அதிர்ஷ்டத்தைப் பார்த்தாயா? வாழ்க்கையில் முதல்முறையாக வேறு ஒருவர் தாமதமாக வந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

அப்பா என்னைப் பார்த்து, "வந்துட்டியா. போய் முகம் கழுவிட்டு வா" என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதும்.

ஞாயிறு மாலை மௌனசாமி செய்தி அனுப்பியிருந்தார். ஒரே வார்த்தை. "மூடியாச்சு."

என்றும் உன் அக்கா

---

நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் நலம். அவர் எனக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். இத்தனை நாள் மைதானத்தின் அந்தக் கோடி எனக்குத் தெரியாமலேயே கத்திக்கொண்டிருந்தேனாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் "அதிர்ஷ்டம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். சொல்லக்கூடாது என்று அப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

பதிவாளர் தாமதமாக வரவில்லை. பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ வரவில்லை. எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மாமா எழுந்து, "நேரம் ஆச்சு, சாட்சிக் கையெழுத்து நான் போட்டுடறேன்" என்று மேஜைக்குப் போனார். அப்பா குறுக்கே போய் நின்றார்.

"அது பெரியவ போடவேண்டியது. வந்து போடுவா."

"எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவா."

அக்கா, இந்த மனிதர் யார் என்று உனக்குத் தெரியும். அம்மா ஒருநாள் பஸ்ஸைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டே ஓடிவந்தபோது, நேரம் ஆகிவிட்டது என்று அம்மா முகத்துக்கு நேராகவே விசில் கொடுத்து பஸ்ஸை அனுப்பியவர். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் அன்று பதிவாளர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நான் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் இருங்க சார், பஸ் வழியிலே நின்னு நின்னு வரும், நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றார். பதினொரு மணிக்கு மண்டபக்காரர் வந்து, அடுத்த கூட்டம் வாசலில் நிற்கிறது, காலி செய்யுங்கள் என்றார். அப்பா மண்டபத்துக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "என் பொண்ணு இன்னும் வரலை. அவ வராம இது முடியாது. போலீஸைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க" என்றார். மண்டபக்காரர் வாசல் கூட்டத்தைச் சமாதானப்படுத்தப் போனார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ தெருமுனையில் ஓடிவருவதை முதலில் பார்த்தவர் அவர்தான். சட்டென்று உள்ளே வந்து எல்லாரிடமும், "அவகிட்ட யாரும் எதுவும் சொல்லக்கூடாது. பதிவாளர் இப்பத்தான் வந்தாருன்னு சொல்லுங்க" என்றார். பதிவாளர் பாவம், தலையை ஆட்டினார். அப்பா நாற்காலியில் போய், காலையிலிருந்து எழுந்திருக்காத மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு உன்மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. அவர்மேல் நீ வைத்திருந்த பயமும் இத்தோடு போகட்டும்.

நேற்று அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "அவளுக்கு அடுத்த கணக்கு எப்ப முடியுது?" என்று கேட்டார். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், வேலை கெடுமாம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார், முழங்கால் வலியோடு, கையில் பையோடு. நீ முன்னதாகவே போய் நில்.

வாலு